கையில் பல வேலை, கணக்கில் ஒரே ஒழுங்கு
(மகளிர் கைவேலைப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றப்பட்ட உரை)

 

 பூத்தையல் போடும் முறையையும் கம்பளி பின்னும் முறையையும் உங்கள் ஆசிரியைகள் செவ்வனே கற்பித்திருக்கிறார்கள். அவற்றைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. கற்ற கைத்தொழிலை வீட்டுக்கு எடுத்துச் சென்ற பின்னர் எழுகின்ற ஒரு சிக்கலைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். ஒரே காலத்தில் மூன்று நான்கு வேலைகள் கையில் சேர்ந்துவிடும்போது, அவை அனைத்தையும் தேங்கவிடாமல் நகர்த்திச் செல்வது எவ்வாறு என்பதே அது.

"எடுத்ததை முடிக்காமல் இன்னொன்றை எடுக்கிறாயே" என்ற கண்டிப்பு நம் வீடுகளில் கைவேலை செய்யும் பெண்பிள்ளைகள் அனைவரும் கேட்டுப் பழகிய ஒன்று. அதில் நியாயம் உண்டு. அலமாரியைத் திறந்தால் பாதி பூத்த தலையணை உறை ஒன்று, கை வைக்காத கம்பளிச் சட்டை ஒன்று, விளிம்பு கட்டாத தொப்பி ஒன்று என்று கிடக்கும் வீடுகள் பல. நூலுக்குப் போட்ட பணமும் அதில் முடங்கிக் கிடக்கிறது. செலவழித்த உழைப்பும் முடங்கிக் கிடக்கிறது. ஆயினும் பல வேலைகளை ஒருசேர வைத்திருப்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. கணக்கின்றி வைத்திருப்பதே காரணம்.

ஒரே நாளில் நம் கண்ணும் கையும் பலவித நிலைகளை அடைகின்றன. காலையில் வெளிச்சம் இருக்கிறது; கண் தெளிவாக இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலையையோ, மணிகள் கோக்கும் ஆரி வேலையையோ அந்த நேரத்தில்தான் செய்ய முடியும். மாலையில் விளக்கொளியில் அதையே செய்ய முற்பட்டால் கண் கலங்கும், தையல் பிசகும். ஆனால் நேர்ப்பின்னலில் ஒரு கழுத்துத்துண்டு பின்னுவதற்குக் கண்ணின் துணை அதிகம் வேண்டியதில்லை. பழகிய விரல்களே அதைச் செய்துவிடும். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அதைப் பின்னலாம். ஆரிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக இயலாது. குரோஷே தொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். ஆகவே, தன்மையில் வேறுபட்ட வேலைகளை ஒரே காலத்தில் வைத்துக்கொள்பவர், வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். ஒரே தன்மையுள்ள நான்கு வேலைகளை வைத்திருப்பவரோ, காலை நேரத்துக்காக நான்கையும் காத்திருக்கச் செய்கிறார்.

உலகப் புகழ்பெற்ற கைவேலைகள் பலவும் இவ்வாறு பகுதி பகுதியாக, ஒரே காலத்தில் செய்யப்பட்டவையே.

காஷ்மீரச் சால்வையை எடுத்துக் கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில், நுண்ணிய வேலைப்பாடுடைய ஒரு சால்வையைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு தறிகளில் ஒரே காலத்தில் நெய்தார்கள். பின்னர் 'ரஃபூகர்' எனப்படும் இழையோட்டுவோர் அத்துண்டுகளைத் தையல் தெரியாதவாறு இணைத்தார்கள். 1820களில் காஷ்மீருக்குச் சென்ற வில்லியம் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் அத்தொழிலை விரிவாகப் பதிவு செய்துள்ளார். வெவ்வேறு தறிகளில் பிறந்த துண்டுகள் எவ்வாறு பொருந்தின? நெசவாளர்களிடம் 'தாலீம்' என்ற குறிப்பேடு இருந்தது. எந்த நிறம், எத்தனை இழை என்பதைக் குறியீடுகளால் எழுதிய தாள் அது. அதை வாய்விட்டுப் படிக்கப் படிக்க, மற்றவர்கள் நெய்தார்கள். அவர்கள் நினைவை நம்பவில்லை, எழுத்தை நம்பினார்கள்.

லக்னோ நகரத்தின் சிக்கன் வேலையும் அத்தகையதே. முதலில் துணியின் மேல் மரஅச்சினால், கழுவினால் போய்விடும் சாயத்தில் கோலம் பதிக்கிறார்கள். பின்னர் அது நகரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ள பெண்களிடம் செல்கிறது. ஒருவர் நிழல்தையல் போட, வேறொருவர் வலைபோன்ற ஜாலி வேலையைச் செய்வதுண்டு. இறுதியில் சலவைக்குச் சென்று சாயம் நீங்கி, வெண்மையான பூக்கள் மட்டும் எஞ்சுகின்றன. ஒரே துணி பல கைகளைக் கடக்கிறது; ஒரே கை பல துணிகளைக் கவனிக்கிறது.

புனித கஅபாவைப் போர்த்தும் கிஸ்வாவை நாம் அனைவரும் அறிவோம். அதற்கெனவே 1927ஆம் ஆண்டு மக்காவில் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. சாயம் தோய்த்தல், நெய்தல், பொன்னிற, வெள்ளி நிற இழைகளால் எழுத்துகளைப் பூத்தையலிடுதல், துண்டுகளை இணைத்தல் என அங்கே பணிகள் பிரிக்கப்பட்டுள்ளன. இடைப்பட்டையும் வாசல் திரையும் தனித்தனியே தையலிடப்பட்டு, பின்னர் உரிய இடத்தில் சேர்க்கப்படுகின்றன. ஆண்டுக்கொரு முறை புதிய போர்வை மாற்றப்பட வேண்டும். முன்னர் துல்ஹஜ் பிறை 9இல் மாற்றப்பட்டு வந்தது; 2022 முதல் முஹர்ரம் முதல் நாளில் மாற்றப்படுகிறது. அந்த நாள் தள்ளிப்போக முடியாது. ஆகவே ஆண்டு முழுவதும் எல்லாப் பகுதிகளும் ஒருசேர, அளவாக நகர்ந்தாக வேண்டும்.

இவை மூன்றும் பலர் கூடிச் செய்பவை. நம் வீட்டிலோ ஒரே ஒருவர் இருக்கிறார். எனினும் பாடம் ஒன்றே. வேலையைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், பகுதிக்கு நாள் குறிக்க வேண்டும், நின்ற இடத்தை எழுதி வைக்க வேண்டும். இம்மூன்றையும் சற்று விரிவாகக் காண்போம்.

எத்தனை வேலை?

என் கருத்தில், தனியொருவர் கையில் ஒரே காலத்தில் மூன்று வேலைகள் போதும். ஒன்று, கண்ணுக்கு வேலை தரும் பகல்நேர வேலை. இரண்டு, கை தானாகச் செய்யும் மாலைநேர வேலை. மூன்று, வெளியே எடுத்துச் செல்லக்கூடிய சிறு வேலை. நான்காவது ஒன்று வந்தால், மூன்றில் ஒன்று முடிந்து வெளியேறிய பிறகே அதற்கு இடம். "ஆர்டரை விடக் கூடாதே" என்று சிலர் எண்ணலாம். ஆர்டரை மறுக்க வேண்டியதில்லை. எப்போது தொடங்க முடியும் என்ற நாளை முதலிலேயே கூறிவிடுங்கள். காத்திருக்கச் சொன்னவரை வாடிக்கையாளர் மன்னிப்பார். நிக்காஹ் நாளுக்கு முந்திய இரவு வரை இழுத்தடித்தவரிடம் மீண்டும் வரமாட்டார்.

நாளொன்றுக்கு எவ்வளவு?

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பது கணக்காகாது. எண்ணில் சொல்லுங்கள். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள துணியில், 10 அங்குலச் சதுரம் முழுவதும் கிராஸ் ஸ்டிச் நிரப்ப வேண்டுமானால் 140 பெருக்கல் 140, அதாவது 19,600 தையல்கள் வேண்டும். நாளொன்றுக்கு 100 தையல் போட்டால் 196 நாள். 200 போட்டால் 98 நாள். இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே அறிந்தவர் நடுவழியில் சோர்வடைய மாட்டார். மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக வாக்களிக்கலாமா என்பதும் அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

கம்பளிக்கும் இதே வழிதான். நடுத்தரக் கனமுள்ள நூலை 4 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 28 வரிசைகள் வரும். 160 சென்டிமீட்டர் கழுத்துத்துண்டுக்கு 448 வரிசைகள். மாலைதோறும் 16 வரிசை பின்னினால் 28ஆம் நாள் முடிந்துவிடும். 16 வரிசை என்பது பெரிய பாரமில்லை; ஆனால் ஒரு நாள் விட்டால் மறுநாள் 32 ஆகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாள் குறித்த ஆர்டருக்கு வேறொரு கணக்கு உண்டு. மணப்பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய 30 நாள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஆரி வேலை முடிந்த பின்னர்தான் துணி தையற்காரரிடம் செல்லும். அதற்கும், வீட்டுக்கு விருந்தினர் வருவதற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கும் சேர்த்து 6 நாளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதி 24 நாள். முன்கழுத்து, பின்கழுத்து, இரு கைகள் என நான்கு பகுதிகள். பகுதிக்கு 6 நாள். 12ஆம் நாள் மாலையில் இரண்டு பகுதிகள் முடிந்திருக்கவில்லை என்றால், மாலைநேரப் பின்னலை நிறுத்திவிட்டு, அந்நேரத்தில் மணிகளைப் பிரிப்பது, நூல் சுற்றுவது, கோலத்தைப் படியெடுப்பது போன்ற துணைவேலைகளைச் செய்யுங்கள். காலைப்பொழுது முழுவதும் தையலுக்கே கிடைக்கும். இரு கைகளையும் அடுத்தடுத்துச் செய்வது நல்லது. இடைவெளி விட்டால் மணிகளின் நெருக்கம் மாறிவிடும்.

கம்பளிச் சட்டையில் இதைவிட எளிய வழி ஒன்றுண்டு. இரு நூலுருண்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் பக்கம் பக்கமாகப் பின்னலாம். இரண்டும் ஒரே வரிசை எண்ணிக்கையில், ஒரே அளவில் முடியும். ஒரு கையை முடித்துவிட்டு மறுகை பின்னாமல் மாதக்கணக்கில் கிடக்கும் சட்டைகளுக்கு இதுவே நல்ல மருந்து.

நின்ற இடம் எது?

பல வேலைகளைக் கையாள்பவருக்கு நினைவு துணை நிற்காது. மூன்று வாரம் கழித்துப் பையைத் திறக்கும்போது, எந்த வரிசையில் நின்றோம், எந்த ஊசியைப் பயன்படுத்தினோம் என்பது தெரியாமல்தான் பெரும்பாலோர் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். ஆகவே வேலைக்கு ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் தொடங்கிய நாள், தர வேண்டிய நாள், ஊசியின் எண், நூலின் நிறஎண், முடித்த வரிசை, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். "அடுத்து: இடக்கைப் பூவின் மூன்றாம் இதழ்" என்று எழுதியிருந்தால், உட்கார்ந்தவுடன் கை வேலைக்குப் போய்விடும்.

ஊசியின் எண்ணை மில்லிமீட்டரில் எழுதுவதே பாதுகாப்பானது. பழைய ஆங்கில முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் ஊசி 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண் கூடக் கூட ஊசி தடிக்கும். அங்கே 6ஆம் எண்தான் 4 மில்லிமீட்டர். வெறும் "6" என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு மாறிய ஊசியில் பின்னினால் சட்டையின் மேற்பாதி ஓர் அளவிலும் கீழ்ப்பாதி வேறோர் அளவிலும் முடியும்.

நூல் வாங்கும்போது சுற்றியுள்ள தாளில் நிறஎண்ணோடு லாட் எண்ணும் இருக்கும். ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கு ஒரே லாட் எண். நிறஎண் ஒன்றாயினும் லாட் எண் மாறினால், கடையில் ஒன்றாகத் தெரிந்த நிறம் பகல் வெளிச்சத்தில் பட்டையாகப் பிரிந்து தெரியும். வேலை நீண்டு போகும் என்று தெரிந்தவர், தேவையான நூல் முழுவதையும் ஒரே லாட்டில் வாங்கி, அந்தத் தாளையும் பையிலேயே வைத்திருப்பார்.

இன்னும் சில சிறு ஒழுங்குகள் உள்ளன. பின்னலை வரிசையின் நடுவில் நிறுத்த வேண்டாம், முடிவில் நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தினால் கண்ணி நழுவும், இழுபட்டு நீளும். பூத்தையல் துணியை வளையத்திலேயே பல நாள் விட்டு வைக்க வேண்டாம். நீங்காத தடம் விழும். ஊசியைத் துணியில் குத்தியபடி வைக்க வேண்டாம். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் அது துருப்பிடித்துக் கறையாகும். கம்பளிப் பையைப் பூச்சி அண்டாதவாறு இறுகக் கட்டி வையுங்கள்.

தேங்கிய வேலையை என்ன செய்வது?

எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும் சில வேலைகள் தேங்கத்தான் செய்யும். மாதம் ஒரு நாள் எல்லாப் பைகளையும் எடுத்துப் பாருங்கள். சீட்டில் ஒரு மாதமாகப் புதிய வரி இல்லையென்றால், காரணத்தைக் கேளுங்கள். நூல் தீர்ந்திருந்தால் வாங்குங்கள். ஒரு தையல் பிடிபடவில்லை என்றால், தெரிந்த சகோதரியிடம் சென்று பத்து நிமிடம் கற்றுக் கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வேலைகள் உண்டு. குழந்தைக்கெனத் தொடங்கிய சட்டைக்கு, குழந்தையே பெரிதாகிவிட்டது என்றால், தயங்காமல் பிரித்துவிடுங்கள். கம்பளியின் சிறப்பே அதுதான். பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, பிழியாமல் உலர்த்தினால் சுருள் நீங்கி மீண்டும் பின்னத் தகுந்ததாகிவிடும். அறிந்து கைவிட்ட வேலை மனத்தை அழுத்தாது. மறந்ததுபோல் பாவனை செய்யும் வேலைதான் அழுத்தும்.

உடலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். 40 வயதையொட்டி வெள்ளெழுத்து வருவது இயல்பு. "ஊசியில் நூல் கோக்க வரவில்லை, இனி இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கண்ணாடி போதும், அவர்களது பல ஆண்டுத் திறமை வீணாகாமல் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் தொலைவில் உள்ள ஒரு மரத்தைப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் பின்னலை வைத்துவிட்டுப் பூத்தையலை எடுங்கள். கை அசைவு மாறுவதே ஓரளவு ஓய்வு தரும். பல வேலைகள் கையில் இருப்பதன் மற்றொரு நன்மை இது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, இங்கே வீற்றிருக்கும் ஆண்மக்களை நோக்கியும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். ஆந்திர மாநிலம் நரசாபுரத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அறிமுகப்படுத்திய குரோஷே பின்னல், பல்லாயிரம் பெண்களின் வீட்டுத்தொழிலாக வளர்ந்தது. அங்கேயும் ஒருவர் பூக்களைப் பின்ன, வேறொருவர் அவற்றை இணைப்பதே வழக்கம். மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அப்பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூல் 1982இல் வெளிவந்தது. நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அவர்களை, வீட்டில் சும்மா இருந்து ஓய்வுநேரத்தில் பின்னுபவர்களாகவே ஊர் கருதியது என்றும், கூலி மிகக் குறைவாக இருந்ததற்கு அந்தக் கருத்தே துணைபோனது என்றும் அந்நூல் எடுத்துக் காட்டியது. நரசாபுரம் பின்னலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. செய்தவரின் மணிநேரத்தை எண்ணும் பழக்கம் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் மனைவியோ மகளோ சகோதரியோ ஊசி பிடித்திருக்கும்போது அவர் சும்மா இருக்கவில்லை. "அதை வைத்துவிட்டு வா, பிறகு செய்யலாம்" என்று நாளொன்றுக்கு ஐந்து முறை அழைத்தால், ஐந்து முறையும் அவர் எண்ணிக்கையைத் தொலைக்கிறார். மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறார். வெளிச்சம் விழும் ஒரு மூலை, குழந்தைகளின் கைக்கு எட்டாத ஒரு தட்டு, இடையூறில்லாத ஒரு மணி நேரம் ஆகிய மூன்றையும் அவருக்குத் தாருங்கள். இவற்றில் செலவு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

சகோதரிகளே! நீங்களும் சீட்டில் மற்றொரு வரியைச் சேர்த்துக் கொள்ளுங்கள்: "இன்று செய்த நேரம்." வேலை முடிந்ததும் அதைக் கூட்டிப் பாருங்கள். ஒரு தொப்பிக்கு எத்தனை மணி, ஒரு ரவிக்கைக்கு எத்தனை மணி என்பது உங்களுக்கே அப்போதுதான் தெரியவரும். விலை கேட்பவரிடம் தயக்கமின்றிப் பதில் சொல்ல அந்த எண் உதவும். நூல் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிடும் நிலை அதனால் மாறும்.

இன்று சான்றிதழுடன் வீடு திரும்பியதும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, முடியாமல் கிடப்பவற்றை வெளியே எடுங்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பை, ஒரு சீட்டு, நாளுக்கு ஓர் அளவு வையுங்கள். மற்றவற்றை வரிசையில் நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு இதே விழாவில், நீங்கள் முடித்த வேலைகளைக் கண்காட்சியாக வைக்க நிர்வாகத்தினர் ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.